கனடாப் படிவத்தின் ஒன்பதாம் கேள்வி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய காகிதங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, அந்தப் பெரிய உறையை இரண்டு கையாலும் நீட்டி, "என்ன அண்ணாச்சி, கப்பலா, ப்ளேனா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் எம். புதுப்பட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது, பட்டாசுக் கம்பெனி போர்மேன் கனடாவில் மகனோடு போய் இருக்கப் போகிறார் என்று. நானும் யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. உன்னிடம் வர வேண்டும், என் பேரனைத் தூக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எவ்வளவு என்பது உனக்குத் தெரியாது. அந்த ஆசையை வைத்துக்கொண்டுதான் ஒரு மாதமாகப் பதில் போடாமல் இருந்தேன். மருமகளும் நீயும் கவலைப்பட்டிருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சமைக்க ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறாய். ஆள் கிடைக்கும். ஆனால் உப்பு கூடிப்போச்சு என்று அவளிடம் சண்டை போட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினால், அடுத்த வார்த்தை திங்கட்கிழமை காலையில்தான். அதுவும் "செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாலே" என்று யாரையாவது வைகிற வார்த்தையாக இருக்கும். பேசாமலே கிடந்து, அந்த முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டு வரும். ஒரு தீபாவளி சீசனில் இருபது ரூமையும் சுற்றி வந்து, யார் பையில் உரசினால் பொறி பறக்கிற இரும்புச் சாவி இருக்கிறது, யார் தரையில் வெடிமருந்தைச் சிந்தினார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற ஆள் நான். வீட்டுக்கு வந்தால் பார்க்க ஒன்றுமில்லை. பேரன் போட்டோவைப் பார்ப்பேன். அவன் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறான், உன்னைப் போலவே.

படிவம் இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் பட்டாசு லேபிள் படிக்கிற அளவுக்குத்தான் வரும். அதனால் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பதில் சொன்னேன், அவர் எழுதினார். அம்மை குத்திய அத்தாட்சி வேண்டும், மெட்ராஸில் அவர்கள் சொல்கிற டாக்டரிடம் போய் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும், ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிக்க வேண்டும். அம்மை உடனே குத்திக்கொண்டேன். இந்த வயதில் கை வீங்கிக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வேப்பிலை செருகிவிட்டுப் போனாள். குத்தியது சுகாதார இன்ஸ்பெக்டர்தான், ஆத்தா இல்லை என்று சொன்னாலும் அவள் கேட்கவில்லை. எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காய்ச்சல் விட்டு மறுபடி வாத்தியாரிடம் உட்கார்ந்து ஒன்பதாம் கேள்வி வரும்வரை. 'உனக்கோ, உன்னோடு ஒரே வீட்டில் வாழ்ந்த யாருக்குமோ எப்போதாவது காசநோய் இருந்ததா? இருந்தால் யாருக்கு, எப்போது, என்ன சிகிச்சை?' வாத்தியார் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டே, "இல்லைன்னு போட்டுரலாமா அண்ணாச்சி?" என்றார். "அதை மட்டும் விட்டுருங்க, நான் வீட்டுல வச்சு எழுதிக்கிறேன்" என்று படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கேள்வியை நீயும் பார்த்திருக்கிறாய். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் படிவத்திலும் இருந்தது. அதற்கு நீ எழுதிய பதில் நான் சொல்லிக் கொடுத்தது. அது பொய், தம்பி. அதை உன்னிடம் சொல்லாமல் என் படிவத்தை நிரப்ப எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்த வருஷம் என்று நினைக்கிறேன். எனக்கு விடாமல் இருமல். கம்பெனியில் இருமாதவர் யார்? கந்தகமும் அலுமினியப் பொடியும் பறக்கிற இடம். யாராவது இருமினால் ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டு அடக்கச் சொல்லி, வேலையைப் பார் என்போம். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "கந்தக இருமல், சீசன் முடிஞ்சா போயிரும்" என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருநாள் தொட்டியில் கை கழுவக் குனிந்தபோது துப்பியதில் ரத்தம் வந்தது. அந்தத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, லோடு விஷயமாகப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். காசநோய் என்றார். மூன்று மாதம் ஊசி, அதற்கு மேல் ஒன்றரை வருஷம் மாத்திரை என்றார். வீட்டில் குழந்தை இருந்தால் தள்ளிப் படுக்க வேண்டும், தட்டு டம்ளர் தனியாக இருக்கட்டும் என்றும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கம்பெனிக்குத் தெரியும், வேலை போகும். தெருவில் தெரிந்தால் உன்னைப் பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய நிஜம் ஒன்று உண்டு. ஊரெல்லாம் ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று கத்துகிற மனுஷன் தன் நெஞ்சில் நோயை வைத்துக்கொண்டு திரிகிறான் என்று நாலு பேர் சொல்வதை என்னால் தாங்க முடியாது. விருதுநகரில் ஒரு கம்பவுண்டரிடம் ரகசியமாக ஊசி போட்டுக்கொண்டேன். உன் அம்மா கேட்டதற்குக் கந்தக இருமல் என்றே சொன்னேன், அவளும் நம்பினாள். காலையில் நான் காப்பி குடித்துவிட்டு, கடைசி ஒரு வாய் உனக்கு வைப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்காகவே பல் தேய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நிற்பாய். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் முழுவதையும் நானே குடித்துவிட்டேன். உன் முகம் விழுந்துபோயிற்று. "ஏன் புள்ளைக்கு வைக்கலை?" என்று உன் அம்மா கேட்டாள். அதற்கு மறுநாள் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் வைத்தேன். எத்தனை நாள் என்று நான் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை. இருமல் நின்றதும், ஆறாவது மாதமே மாத்திரையையும் நிறுத்தினேன்.

பிறகு நீ மதுரையில் என்ஜினீயரிங் முடித்தாய், கனடாவுக்கு எழுதிப் போட்டாய், கூப்பிட்டார்கள். மெட்ராஸ் டாக்டர் உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, வலது பக்கம் மேலே பொட்டு மாதிரி வெள்ளையாக ஒன்றைக் காட்டினார். நீ சட்டையைப் போடப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாய். "வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தால் என்ன வந்திருக்க வேண்டும்? வந்தது, "இல்லீங்க. இவன் சித்தி மட்டும் கொஞ்ச நாளா இருமிக்கிட்டு இருக்கா" என்பது. அவர் எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்போம், பொட்டு வளராமல் இருந்தால் அனுப்பிவிடலாம், அதுவரை அந்த அம்மா வீட்டில் இருக்கக் கூடாது என்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நீ வந்தாய். வெளியே வந்து உன்னிடமும் அதையே சொன்னேன்.

உன் சித்தி காளியம்மாளைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் புருஷனை இழந்து நம் வீட்டுக்கு வந்தவள். உன்னை இடுப்பை விட்டு இறக்காதவள். எங்கள் கம்பெனியில் மத்தாப்பு ரூமில் நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அவள் இருமியது அந்தப் பொடியால். போர்மேனுக்கு அது தெரியாதா? என் நோயைப் பொடி என்று சொல்லி மறைத்தவன், அவளுடைய பொடி இருமலை நோய் என்று சொல்லிவிட்டேன். ஊர் திரும்பியதும் விருதுநகரில் அவளைச் சோதிக்க அழைத்துப் போனேன். மூன்று தடவை சளி எடுத்துப் பார்த்து, கிருமி எதுவும் இல்லை, படமும் சுத்தமாக இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள், "என்ன போட்டிருக்காக அத்தான்?" என்று கேட்டாள். "கொஞ்சம் இருக்கும்போல. பையன் போற வரைக்கும் நீ அச்சங்குளத்துல போயி இரு" என்று சொன்னேன். சீட்டில் இல்லை என்றிருக்கிறது என்று சொல்லியிருந்தால், பிறகு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி அடுத்து வந்திருக்கும். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "புள்ள நல்லபடியாப் போகட்டும்" என்றாள். மறுநாளே துணிமூட்டையோடு பஸ் ஏறிவிட்டாள்.

அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பட்டாசுப் பெட்டிகளைக் கட்டுக் கட்டுகிற வேலை கிடைத்தது, பொடி இல்லாத வேலை. ஒரே மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. ஆறு மாதம் ஆயிற்று, உன் பொட்டு வளரவில்லை, நீ கிளம்பினாய். அன்றைக்காவது அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். நீயோ அங்கிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் 'சித்தியை வீட்டில் சேர்க்க வேண்டாம், அம்மாவுக்கும் ஒட்டிக்கொள்ளும்' என்று எழுதினாய். உன்மேல் தப்பில்லை, நான் சொன்னதை நம்பினாய். உன் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அம்மா சாத்தூர் பஸ்ஸில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவாள், அழுத கண்ணோடுதான் வருவாள். உன் அம்மாவுக்குக் கடைசிவரை உண்மை தெரியாது. தெரிந்திருந்தால் எனக்காகத் தங்கையை விட்டுக் கொடுத்திருக்க மாட்டாள்.

உன் அம்மா செத்த அன்று நீ வர முடியவில்லை. நடந்ததில் உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சித்தி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். எதிர் வீட்டுப் பக்கம் வரும்போதே சொந்தக்காரப் பொம்பளைகள், "அங்கனயே நில்லு தாயி, புள்ளைகுட்டிக இருக்குற வீடு" என்றார்கள். அவளும் நின்றுவிட்டாள். குளிப்பாட்டும்போது, நெற்றிக்குப் பொட்டு வைக்கும்போது, தூக்கும்போது எல்லாம் எதிர் வீட்டுச் சுவரோரமாகவே நின்றாள். கூடப் பிறந்தவளுக்கு வாய்க்கரிசி போட அவளை யாரும் கூப்பிடவில்லை. ஒருதரம் என்னைப் பார்த்தாள். 'அவளை விடுங்க, அவளுக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். மெட்ராஸ் போவதற்கு முன்னால் இங்கேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மதுரைக்குப் போனேன். தீபாவளிக்கு முந்தி இருந்தே பழைய இருமல் தலைகாட்டிக்கொண்டிருந்தது. வயதான காலத்துச் சளி என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன், புத்தி போகிற வழியைப் பார். டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு, "பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. அப்ப மாத்திரையைப் பாதியில விட்டீங்களா?" என்றார். சளியிலும் கிருமி இருந்தது. ஊசி ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம்தான் கம்பெனியில் நானே போய்ச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிட்டேன். மெட்ராஸில் எடுத்தாலும் படம் இதைத்தான் காட்டியிருக்கும், அதனால் அப்பா உத்தமராகிவிட்டார் என்று நினைத்துவிடாதே. ஒன்பதாம் கேள்விக்கு 'மனைவியின் தங்கையிடமிருந்து தொற்றியது' என்று எழுத இன்னமும் இடம் இருந்தது. உன் பைலில் ஏற்கெனவே அவள்தான் இருக்கிறாள், பொருத்தமாகவும் இருந்திருக்கும். இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தேன். சிகிச்சை முடிந்து, பழி அவள் பேரிலேயே இருக்க, உன் வீட்டு வாசலில் வந்து இறங்கலாம் என்று யோசித்தேன். பிறகு பேரன் போட்டோவைப் பார்த்தேன். அவனும் நடக்கத் தொடங்கியதும், மிச்சக் காப்பிக்கு என் பக்கத்தில் வந்து நிற்பான். அந்த யோசனையை அன்றோடு விட்டேன், தம்பி.

'ஆம். எனக்கு. மகன் பள்ளியில் படித்தபோது. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினேன். இப்போது மறுபடியும். வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.' இவ்வளவையும் தமிழில் எழுதி வாத்தியாரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டதைக் கவனித்தேன், கோபம் வரவில்லை. படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இதை அனுப்பினால் உன் படிவத்துக்கும் இதற்கும் முரண் வரும். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. நீ தெரிந்து எழுதவில்லை என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. நீயும் அங்கே உன் டாக்டரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிப் புதிதாக ஒரு படம் எடு. குழந்தைக்கும் பார். டாக்டர் கேட்கும்போது மானம் பார்க்காதே. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான், சொல்லும் தகுதி இல்லாமல்தான் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை அச்சங்குளம் போனேன். ஓலைக் குடிசை, வாசலைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "வாங்க அத்தான், இந்த வெயில்ல வந்திருக்கீகளே, சாப்பிட்டீகளா?" என்று எழுந்து நாலடி தள்ளி நின்றுகொண்டாள். உள்ளே போய்த் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் மோந்து கல்லில் வைத்தாள். "இது நான் வாய் வைக்காத டம்ளர், பயப்படாமக் குடிங்க" என்றாள். வருகிறவர்களுக்கென்று ஐந்து வருஷமாக அப்படி ஒன்றை வைத்திருக்கிறாள். "அதை எடுத்து உள்ள வையி காளியம்மா. நோய் எனக்குத்தான், நான் அதுல குடிக்கக் கூடாது. உனக்கு இல்லை" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதிய இதே வரிசையில்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு அந்தக் காயிதத்துல என்ன போட்டிருந்துச்சு?" என்று கேட்டாள். இல்லை என்று போட்டிருந்தது என்றேன். "பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதே தெரியுமா?" "தெரியும்." வைவாள் என்று நினைத்தேன். மண்ணை அள்ளித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். "பக்கத்து வீட்டுல ஒரு புள்ள தவந்து தவந்து என் வாசலுக்கு வரும் அத்தான். இம்புட்டு நாளும் குச்சியை வச்சு விரட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். தன் கையைப் பார்த்தாள். "எங்க அக்கா முகத்தை நான் தொடலையே" என்றாள். அதற்குமேல் அழுதாள், என்னால் பார்க்க முடியவில்லை. சமாதானம் சொல்ல எனக்கு என்ன உரிமை? எழுந்து நின்றேன்.

கிளம்பும்போது அவளே பேசினாள். "உங்களை நான் ஒண்ணும் சொல்லலை. சொல்ற நெலமையில இல்லை. போயி அவனுக்கு எழுதுங்க. சித்திக்கு ஒண்ணுமில்லைன்னு முதல் வரியில எழுதுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் எழுதுங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் இங்கே தனியாக இருந்துகொள்கிறேன், ஊசிக்கு விருதுநகர் போய்வருகிறேன், அதையெல்லாம் நினைத்து வருத்தப்படாதே. முடிந்தால் அவளுக்கு நீ உன் கையால் ஒரு கடிதம் போடு. யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள்.

முதல் வரியில் எழுதுவதாக ஒப்புக்கொண்டுதான் வந்தேன். உட்கார்ந்ததும் தைரியம் போய்விட்டது. படிவம், வாத்தியார், அம்மை குத்தியது என்று எங்கெங்கோ சுற்றி இத்தனை பக்கம் ஆகிவிட்டது. மற்றதையெல்லாம் நீ பிறகு படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் முதலில் படித்ததாக வைத்துக்கொள்.

உன் சித்திக்கு ஒன்றுமில்லை, தம்பி. ஒருநாளும் இருந்ததில்லை.

அப்பா